வம்சம் விளங்க வேண்டும் என்போருக்கு

தமிழர் தொகை குறைகின்றது. ஆகவே தமிழ்ப் பெண்கள் இன்னும் கூடுதலாகப் பிள்ளை பெற வேண்டும். இந்த அறிவுரை இப்போது மேடைகளிலும் கோயில் வீதிகளிலும் கலியாணப் பந்தல்களிலும் தாராளமாக வழங்கப்படுகின்றது. வழங்குவோரிற் பெரும்பாலானோர் ஆண்கள். அவர்களுள் கணிசமானோர் இரண்டு பிள்ளைகளோடு ரொறொன்ரோவிலோ இலண்டனிலோ குடியிருப்பவர்கள். பிள்ளை வேண்டாம் என்றோ, ஒன்று போதும் என்றோ, இப்போதைக்கு இல்லை என்றோ தீர்மானிக்கும் இளந்தம்பதியரை இவர்கள் இனத்துக்கு இரண்டகம் செய்தவர்களாகவே நோக்குகின்றனர். இவ்வாதத்தின் ஓட்டைகளைச் சுட்டுவது பத்திரிகைத் தொழிலில் நரைத்தவன் என்ற வகையில் என் கடமை எனக் கருதுகின்றேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010 இல் 9 பாராளுமன்ற ஆசனங்கள் இருந்தன. 2015 இல் அவை 7 ஆயின; 2024 இல் 6 ஆயின. ஆசனங்கள் பதிவுபெற்ற வாக்காளரின் எண்ணிக்கையைக் கொண்டு பகிரப்படுபவை. அந்த வாக்காளர் எங்கே போயினர்? 1983 இன் பின்னர் அலை அலையாகக் கடல் கடந்தனர். 2009 வரை நீடித்த போரில் மாண்டனர், காணாமல் ஆக்கப்பட்டனர். வாக்களிக்கும் வயது 18. இன்று 28 வயதில் நிற்கும் ஒரு பெண், தனக்குப் பிள்ளை வேண்டுமா என்று யோசிப்பதற்கும் 2015 இல் ஆசனங்கள் பறிபோனதற்கும் என்ன தொடர்பு? விமானம் ஏறியவர்கள் விட்ட வெற்றிடத்தை, ஊரில் எஞ்சியிருப்பவளின் வயிற்றைக் கொண்டு நிரப்பச் சொல்வது என்ன நியாயம்?

பிறப்புகள் குறைவது தமிழருக்கு மாத்திரம் நேர்ந்ததுமன்று. 2019 இல் இலங்கை முழுவதிலும் பதிவான பிறப்புகள் மூன்று இலட்சத்துக்கு மேல். 2023 இல் அவை இரண்டரை இலட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டன. இடையில் 2022 வந்து போனது. எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்ற தலைமுறை, ஒரு குழந்தையைக் கொண்டுவரமுன் கணக்குப் பார்க்கின்றது. பொறுப்புள்ளவர்கள் வேறென்ன செய்வார்கள்?

இனி வம்சத்துக்கு வருவோம். 'பெயர் சொல்லப் பிள்ளை வேண்டாமா?' என்று கேட்கின்றனர். எந்தப் பெயர்? ஈழத்தமிழருள் பெரும்பாலானோரிடம் குடும்பப்பெயர் என்றொன்று இருந்ததில்லை. தந்தையின் பெயர் பிள்ளைக்கு முதலெழுத்தாகும். பேரப்பிள்ளையின் காலத்தில் அந்த எழுத்தும் மறைந்துவிடும். வெளிநாட்டுக் குடிவரவுப் படிவங்களை நிரப்பும்போது நேர்ந்த வசதிக்கேட்டிலே பிறந்தவைதாம் நம்மவரின் குடும்பப்பெயர்களிற் பல.

ஆண்வழியே வம்சம் என்பதும் நம் மரபு முழுவதற்கும் பொருந்தாது. மட்டக்களப்பிலே குடி என்பது தாய்வழியே வருவது. தகப்பனின் குடி பிள்ளைக்கு இல்லை. யாழ்ப்பாணத்திலோ, 1707 இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமையின்படி, தந்தையின் முதுசொம் ஆண்மக்களுக்கும் தாயின் சீதனம் பெண்மக்களுக்கும் சேர்ந்தன. ஒரே வீட்டுக்குள் இரண்டு வழிகள் ஓடின. அதே தேசவழமை, பிள்ளையில்லாதோர் பிறர் பிள்ளையை வளர்த்து உரிமையாளராக்கும் முறையையும் கூறுகின்றது. உற்றார் கூடியிருக்க, சம்மதத்துக்கு அடையாளமாகச் சகோதரரும் பிள்ளையைப் பெற்றோரும் மஞ்சள் நீரிலே விரல் தோய்ப்பர். பிள்ளையை ஏற்போர் அந்நீரை அருந்துவர். அவ்வளவே. முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இரத்தத்துக்குப் பதிலாக ஒரு செம்பு மஞ்சள் நீரை ஏற்றுக்கொண்ட சமூகம் நாம். போர் இத்தனை பிள்ளைகளை அநாதைகளாக்கிய பின்னரும் 'என்ன இருந்தாலும் சொந்த இரத்தம் ஆகுமா?' என்று கேட்பவர், மரபைக் காக்கிறாரா, மறந்தாரா?

இன்னுமொன்று. ஆறுமுக நாவலர் (1822–1879) திருமணம் செய்யவில்லை. 'யாழ் நூல்' தந்த சுவாமி விபுலாநந்தர் (1892–1947) துறவி. 1966 இல் கோலாலம்பூரிலே முதலாவது உலகத் தமிழ் மாநாடு கூடக் காரணராயிருந்த தனிநாயகம் அடிகள் (1913–1980) கத்தோலிக்க குரு. மூவருக்கும் பிள்ளையில்லை. மூவரையும் நம் முன்னோராகக் கொண்டாடாத தமிழ் மேடை உண்டா?

'கொள்ளி வைக்க ஆள் வேண்டாமா?' என்பது கடைசி அம்பு. பத்திரிகைக் காரியாலயத்தில் மரண அறிவித்தல்களின் அச்சுப்படியை ஆண்டுக்கணக்கில் ஒப்புநோக்கியவன் நான். 'பாசமிகு தந்தையும்' என்ற சொற்களுக்கு முன்னால் ஐந்து பிள்ளைகளின் பெயர்கள் இருக்கும். ஒவ்வொரு பெயரின் பின்னும் அடைப்புக்குறிக்குள் கனடா, சுவிஸ், அவுஸ்திரேலியா என்று ஒரு நாடு இருக்கும். ஊரிலோ பெறாமகன் கொள்ளி வைப்பான்; பிள்ளைகள் அதைத் திரையிற் பார்ப்பார்கள். அவர்களை நான் குறைகூறவில்லை. விசாவும் வேலையும் அவர்களைக் கட்டிப்போட்டன. ஆனால், முதுமையில் துணைக்கும் முடிவில் நெருப்புக்கும் பிள்ளை உறுதி என்று இளையோரிடம் சொல்லாதீர்கள். அந்த உறுதியை யாராலும் தர முடியாது.

இவ்வளவு அறிவுரைகளின் பாரமும் எங்கே இறங்குகின்றது? பெண்ணின் தலையில். 'ஏதும் விசேசமோ?' என்ற கேள்வி அவளிடமே கேட்கப்படுகின்றது. விரதங்கள் அவளுக்கே விதிக்கப்படுகின்றன. ஆணிடமும் குறை இருக்கலாம் என்பது மருத்துவம் அறிந்த செய்தி. ஆயினும் வைத்தியரிடம் முதலில் அனுப்பப்படுபவள் அவளே. பிள்ளையில்லாப் பெண்ணை வளைகாப்புக்கு அழைக்காமல் விடும் வழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை. அந்த வீட்டில் பிள்ளை வேண்டாம் என்று இருவரும் தீர்மானித்தார்களா, மூன்று முறை கரு கலைந்து அழுதார்களா என்பது கேட்பவருக்குத் தெரியாது. தெரியாத வீட்டுக்குள் கல்லெறிவதற்கு அக்கறை என்று பெயர் வைத்திருக்கிறோம்.

மறுபக்கத்தின் வலியையும் நான் அறிவேன். முள்ளிவாய்க்காலில் மூன்று பிள்ளைகளை இழந்து, எஞ்சிய ஒருத்தியின் மடியிலாவது ஒரு குழந்தையைக் காண ஏங்கும் தாயிடம் இக்கட்டுரையை நான் வாசித்துக் காட்டமாட்டேன். அவளுடைய ஏக்கம் நியாயமானது. ஆனால் அது ஏக்கம், கட்டளையன்று. அந்த ஏக்கத்தை முதலாக்கி ஓர் இளம்பெண்ணின் உடலுக்குக் கொள்கை வகுக்க எவருக்கும் உரிமையில்லை.

உண்மையிலேயே தமிழ்க் குழந்தைகள் பிறக்க வேண்டும் என்போர் செய்யக்கூடியவை பல உள. வன்னியின் கிராமிய வைத்தியசாலைக்கு ஒரு தாதியைக் கேளுங்கள். வேலைக்குச் செல்லும் தாய்மாருக்குப் பகல்நேரக் காப்பகம் அமையுங்கள். இராணுவம் பிடித்து வைத்துள்ள எஞ்சிய காணிகளுக்காகக் குரல் கொடுங்கள். சீதனம் கேட்காமல் மகனுக்குப் பெண் எடுங்கள். இவற்றுள் ஒன்றையேனும் செய்தபின், பிள்ளை பெறுவதா இல்லையா என்பதை அந்த இருவரிடமே விட்டுவிடுங்கள். அவர்கள் 'வேண்டாம்' என்றால், அதற்குக் காரணமும் கேளாதிருங்கள்.