கல்பாக்கமும் கொரோனா 'ஆர்' எண்ணும்: ஒரு த்ரெட்

ஜவ்வாது மலையில் ஓ.பி. பார்க்கும் டாக்டருக்கு அணு உலையில் என்ன வேலைன்னு கேட்பீங்க. கல்பாக்கம் ஈனுலை "அணுகுண்டு மாதிரி வெடிக்கும்" என்ற ஃபார்வர்டு மலை மேலேயும் வந்தாச்சு. போனைக் காட்டிக் கேட்கிறாங்க. பதில் சொல்லணும்ல?

கொரோனா காலத்து 'ஆர்' எண் ஞாபகம் இருக்கா? ஒருவர் எத்தனை பேருக்குப் பரப்புகிறார் என்ற கணக்கு. ஒன்றைத் தாண்டினால் ஏறும், குறைந்தால் அடங்கும். உலையிலும் அதேதான். ஒரு அணு பிளந்தால் இரண்டு மூன்று நியூட்ரான் வரும். அதில் சராசரியாக ஒன்று மட்டும் அடுத்த அணுவைப் பிளந்தால் உலை சீராக ஓடும்.

ஆனா வேகத்தைப் பாருங்க. கொரோனாவில் ஒரு சுற்றுக்குச் சில நாள்; ஊரடங்கு போட நேரம் கிடைத்தது. கல்பாக்கத்தின் பழைய கனநீர் உலைகளில் ஒரு சுற்று ஏறக்குறைய ஒரு மில்லி நொடி. எண் 1.001 ஆனாலே, நொடிக்கு ஆயிரம் சுற்றில் திறன் 2.7 மடங்கு. எந்தக் கை பிடிக்கும்?

பிடிக்க முடிவதற்குக் காரணம் சில சோம்பேறி நியூட்ரான்கள். யுரேனியம்-235 பிளவில் சுமார் 0.65 சதவீதம் உடனே வருவதில்லை. புரோமின், அயோடின் போன்ற பிளவுத் துண்டுகள் சிதைந்த பிறகு, சில நொடி கழித்து, சிலது ஒரு நிமிடம்கூடக் கழித்து வரும். அந்த லேட்டுதான் கட்டுப்பாட்டுக் கோல்களுக்குக் கிடைக்கும் அவகாசம். இவங்க தயவே இல்லாமல் பெருக்கம் ஓடிய இடம், 1986 செர்னோபில்.

இப்போ 500 மெகாவாட் ஈனுலை. புளூட்டோனியம்-239இல் சோம்பேறிகள் வெறும் 0.2 சதவீதம். கூட இருக்கும் யுரேனியம்-238 பிளவு கொஞ்சம் ஈடுகட்டும், ஆனாலும் குறைவுதான். ஒரு சுற்றோ மைக்ரோ நொடிக்கும் கீழே. அதுக்காக அடக்கவே முடியாதுன்னு இல்லை. எரிபொருள் சூடேறினால் யுரேனியம்-238 கூடுதல் நியூட்ரான்களை விழுங்கும். இரண்டு வகையாக 9, 3 என்று கோல்கள். 1985இல் அங்கேயே இயங்கத் தொடங்கிய சிறிய ஈனுலையின் அனுபவமும் உண்டு.

என் கருத்து: குண்டுக் கதை பொய். ஆனா "ஒண்ணும் ஆகாது"ன்னு மட்டும் சொல்வது பதிலே இல்லை. ஒரு சின்ன ஆபரேஷனுக்கே ஆபத்தை விளக்கித்தான் கையெழுத்து வாங்கறோம். கல்பாக்கத்தைச் சுற்றி இருக்கும் மீனவக் குப்பங்களுக்கும் அந்த உரிமை உண்டு. கோல் விழ எத்தனை நொடி, சோதனையில் அளந்த தாமத நியூட்ரான் எவ்வளவு, கோல் சிக்கினால் அடுத்து என்னன்னு தமிழில், ஊர்க்கூட்டத்தில் வந்து சொல்லுங்க. கேள்வி கேட்கவும் நேரம் கொடுங்க.