நாற்றுக்குக் காட்டும் கவனம்

மாரி மழை ஓய்ந்து தை பிறந்ததும் யாழ்ப்பாணத்து வளவுகளில் கத்தரியும் மிளகாயும் நடப்படும். நட்ட நாள் தொடங்கி வீட்டுத் தாய்மார் காலையும் மாலையும் பாத்திக்குச் சென்று இலைகளைப் புரட்டிப் பார்ப்பர். வெள்ளை ஈ இலையின் அடிப்புறத்தில்தான் குடியேறும். செடி சுருண்டபின் பார்த்துப் பயனில்லை என்பதை அவர்கள் அறிவர்.

இதே தாய்மார் தம் உடலைக் குறித்து மட்டும் “நோவொன்றும் இல்லையே” என்று இருந்துவிடுகிறார்கள். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் தொடக்கத்தில் நோவைத் தருவதில்லை. கலங்களில் மாற்றம் தோன்றி அது புற்றாக முற்றுவதற்குப் பெரும்பாலும் 10 ஆண்டுகளுக்கு மேல் செல்லும். எவ்வளவு நீண்ட தவணை! லூக்கா 13 ஆம் அதிகாரத்தில் அத்திமரத்துக்காகத் தோட்டக்காரன் கேட்டது ஓர் ஆண்டு மட்டுமே. அதையும் அவன் சும்மா இருப்பதற்குக் கேட்கவில்லை. கொத்தி எருவிடவே கேட்டான்.

நம் நாட்டில் 1996 முதல் சுகவனிதையர் கிளினிக்குகள் நடைபெறுகின்றன. 35 வயதிலும் 45 வயதிலும் பெண்களை அங்கு அழைக்கிறார்கள். கட்டணம் இல்லை. கருப்பைக் கழுத்திலிருந்து கலங்களை எடுக்கச் சில நிமிடங்களே செல்லும். மார்பகங்களையும் இரத்த அழுத்தத்தையும் பரிசோதிப்பார்கள். வெட்கமே பலரைத் தடுக்கிறது. சிலரோ “ஆண்டவர் பார்த்துக்கொள்வார்” என்கிறார்கள். அப்படிச் சொல்லி மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் விடாதிருந்தவரை நாம் கண்டதில்லை.

35 வயதைக் கடந்தும் செல்லாதவர்கள், உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கிளினிக் நாளைக் கேட்டறியுங்கள். கணவன்மாரே, அன்று காலை பாத்திக்கு நீங்கள் தண்ணீர் விடுங்கள்.