ஆழம் தெரியாமல் விட்ட கப்பல்

2023 செப்டம்பர் 11-ந் தேதி கிரீன்லாந்தின் வடகிழக்கே, மலைகளுக்கிடையே நீண்டு புகுந்திருக்கும் ஆல்ப்பேஃபியோர்டு என்ற கடற்கழியில் ‘ஓஷன் எக்ஸ்ப்ளோரர்’ என்னும் உல்லாசக் கப்பல் தரை தட்டியது. பிரயாணிகளும் சிப்பந்திகளுமாக அதில் 206 பேர் இருந்தனர். உதவிக்குப் புறப்பட்ட டென்மார்க் கடற்படைக் கப்பலோ 2,000 கிலோ மீட்டருக்கும் அப்பால் இருந்தது. கடல் ஏற்றத்தில் தானே மிதக்கும் என்று காத்திருந்தார்கள், மிதக்கவில்லை. மூன்றாம் நாள் அதை இழுத்து விட்டது எது? கிரீன்லாந்து சர்க்காருக்குச் சொந்தமான ‘தராயோக்’ என்ற மீன்வள ஆராய்ச்சிக் கப்பல்!

உயிர்ச் சேதமில்லை என்பதில் நமக்கும் திருப்தியே. ஆனால் கேட்காமலிருக்க முடியவில்லை. சீட்டுப் பணம் கம்பெனிக்கு. கப்பலின் கொடியோ பனியையே அறியாத பஹாமாஸ் தீவின் கொடி. ஆபத்து வந்தால் மட்டும் பொதுமக்கள் பணத்தில் ஓடும் கப்பல் வரவேண்டுமா? லாபம் தனியாருக்கு, இடர் எல்லோருக்கும்! முதலாளித்துவத்தின் இந்தக் கணக்கு வடதுருவம் வரை போய்விட்டது.

இது ஏதோ ஒரு தடவை நேர்ந்த விபத்தல்ல. 2018 ஆகஸ்டில் கனடாவின் வடகடலில் ‘அகாதமிக் யோஃபே’ என்ற கப்பலும் பாறையில் ஏறி நின்றது. அந்த இடம் இன்றைய முறைப்படி ஆழம் அளக்கப்படாத இடம். கப்பலிலிருந்த மாலுமிகளில் ஒருவர்கூட அதற்கு முன் அங்கே போனதில்லை. கனடாவின் விசாரணையே இதைச் சொல்கிறது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் ஊர்ப் பாட்டி சொல்வாள். இவர்கள் கப்பலையே விட்டார்கள்!

இந்தக் கப்பலின் கதை நம் நெஞ்சைச் சுடுகிறது. சோவியத் விஞ்ஞான அகாதமிக்காக, கடலை ஆராய்வதற்கென்று பின்லாந்தில் கட்டப்பட்ட கப்பல் அது. மாபெரும் பௌதிக விஞ்ஞானியின் பெயரைத் தாங்கியது. 1991-ல் சோவியத் யூனியன் குலைக்கப்பட்ட பின் ஆராய்ச்சிக்குப் பணமில்லாமல், சீமான்களின் கோடை விளையாட்டுக்கு வாடகைக்கு விடப்பட்டது. ஆழத்தை அளக்கப் பிறந்த கப்பல், அளக்காத ஆழத்தில் சிக்கிக் கொண்டது.

‘மனிதக் காலடி படாத வனாந்தரம்’ என்று இந்தக் கம்பெனிகள் விளம்பரம் செய்கின்றன. சுத்தப் பொய்! அங்கே இனுயிட் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். 1953-லும் 1955-லும் கனடா சர்க்கார், இனுக்ஜுவாக் பகுதியிலிருந்து அவர்களது குடும்பங்களைக் கப்பலேற்றி, 1,500 கிலோ மீட்டருக்கும் மேல் வடக்கே, மாதக் கணக்கில் சூரியனே எழாத ரெசல்யூட்டிலும் கிரைஸ் ஃபியோர்டிலும் இறக்கிவிட்டது. வேட்டை ஏராளம், பிடிக்காவிட்டால் இரண்டு வருஷத்தில் திரும்பலாம் என்று வாக்களித்தார்கள். வாக்கு காற்றில் போனது. வடதுருவத் தீவுகளுக்கு உரிமை கொண்டாடுவதற்காகத் தங்களை மனிதக் கொடிக்கம்பங்களாக நட்டார்கள் என்று அந்த மக்கள் சொல்கிறார்கள். சர்க்கார் மன்னிப்புக் கேட்டது 2010-ல்.

அன்று அவர்களை ஏற்றிச் சென்ற ‘சி. டி. ஹவ்’ என்ற சர்க்கார் கப்பலிலேயே எக்ஸ்ரே கருவியும் இருந்தது. ஊர் ஊராகப் போய்ப் படம் பிடிப்பார்கள். காச நோய் கண்டால், கரையில் நிற்கும் பிள்ளைகளிடம் விடைபெறக்கூட விடாமல் தெற்கே கொண்டு போனதுண்டு. பலர் திரும்பவேயில்லை, எங்கே புதைத்தார்கள் என்றுகூடப் பல குடும்பங்களுக்குச் சொல்லப்படவில்லை. இதற்கு மன்னிப்பு 2019-ல்!

இன்று அதே கரைகளுக்கு வேறு கப்பல் வருகிறது. 2016-ல் ‘கிரிஸ்டல் செரினிட்டி’ சுமார் 1,000 பிரயாணிகளுடன் அலாஸ்காவிலிருந்து நியூயார்க்குக்கு 32 நாள் பவனி சென்றது. மிகக் குறைந்த சீட்டே ஏறக்குறைய 22,000 டாலர். வழியில் அது நின்ற உலுக்கக்டொக் கிராமத்தின் மொத்த ஜனத்தொகை சுமார் 400. அந்தக் கடற்கரைக் கிராமங்களில் கர்ப்பிணிப் பெண் பிரசவத்துக்கு விமானமேறி வெளியூர் போக வேண்டும். கம்பெனிக்கு வழி திறந்தது எப்படி? பனி உருகுவதால்! வேட்டைக்காரனின் காலடியில் பனி நழுவுகிறது. அது கம்பெனிக்குப் புதிய கடைத் தெருவாகிறது.

உலகைக் காண வேண்டுமென்ற ஆசையை நாம் குறை கூறவில்லை. பனிமலையும் வெண்கரடியும் யாருக்குத்தான் காண ஆசையிருக்காது? (கப்பலில் தட்டு கழுவும் தொழிலாளிக்கும் அந்த ஆசை உண்டு, அவனுக்கு நேரம்தான் கிடைப்பதில்லை.) நாம் எதிர்ப்பது, கேட்பாரற்ற லாப வேட்டையை. கட்டுப்படுத்த முடியாது என்பதும் வீண் பேச்சு. ஸ்வால்பார்டு தீவுகளின் பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் ஒரு கப்பலுக்கு 200 பிரயாணிகளுக்கு மேல் கூடாது, குறிப்பிட்ட 43 இடங்களில்தான் இறங்கலாம் என்று நார்வே 2025 ஜனவரி முதல் சட்டம் செய்திருக்கிறது. முதலாளித்துவ சர்க்காரே இவ்வளவு செய்ய முடிகிறதே!

ஆழம் அளக்காத நீரில் உல்லாசக் கப்பல்களை அனுமதிக்கக் கூடாது. மீட்புச் செலவு முழுவதையும் கப்பல் முதலாளியிடமே வசூலிக்க வேண்டும். எந்தக் கப்பல், எத்தனை பேருடன், எப்போது வரலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரம், கோபன்ஹேகனிலும் ஒட்டாவாவிலும் இருக்கும் கனவான்களிடமல்ல, கரையில் வாழும் அந்த மக்களின் கையில் இருக்க வேண்டும்.