திடலுக்கும் ஓய்வு வேண்டும்

1902 மார்ச்சில் கொல்கத்தாவின் முதல் மின்சார டிராம் எஸ்பிளனேடிலிருந்து கிடர்பூருக்கு ஓடியது. வழியில் ‘மைதானம்’ எனப்படும் பெருந்திடலின் புல்வெளியும் மரநிழலும். 2020 மே மாதம் ஆம்பன் புயல் நகரெங்கும் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்ததோடு அந்த ஓட்டமும் நின்றுபோனது. மரங்களுக்கு நடுவே மக்களைச் சுமந்து சென்ற அந்தத் தடத்தை இன்று நினைக்கக் காரணம் உண்டு. பசுமையா, கூட்டமா என்று எதிரெதிராக நிறுத்தி நாம் போடும் சண்டைக்கு அது ஒரு நூற்றாண்டுக்கு முன்பே பதில் சொல்லியிருக்கிறது.

துறைமுகமும் கிடங்குகளும் கடைத்தெருக்களும் நெருக்கியடிக்கும் கிடர்பூருக்கு மைதானம்தான் கொல்லைப்புறம். ஏறத்தாழ 400 ஹெக்டேர் நிலம், பொறுப்பு ராணுவத்திடம். ரெட் ரோட்டில் ஈத் தொழுகை, பிரிகேட் திடலில் அரசியல் கூட்டம், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் கழகங்களின் கால்பந்து, இவற்றுக்கிடையே மேயும் ஆடுகள். எல்லாரும் வருகிறார்கள். போகும்போது யார் சரிசெய்துவிட்டுப் போகிறார்கள் என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வியை முன்கூட்டியே பேசாததற்குக் கொல்கத்தா புத்தகக் கண்காட்சி விலை கொடுத்தது. 1976இல் தொடங்கி, மைதானத்தின் அடையாளமாகவே ஆகிவிட்ட அந்த விழா, சுற்றுச்சூழலை முன்னிட்டு உயர் நீதிமன்றம் தடுத்ததால் 2007இல் சால்ட் லேக் விளையாட்டரங்குக்குப் போனது. மறு ஆண்டு பார்க் சர்க்கஸில் எல்லாம் தயாரான நிலையில், சுற்றுவட்டார மக்களின் வழக்கால் தொடக்க விழாவுக்கு முதல் நாள் நின்றுபோனது. பிறகு மிலன் மேளா திடல், 2018 முதல் சால்ட் லேக் சென்ட்ரல் பார்க்.

நீதிமன்றத்தைக் குறை சொல்வதில் பயனில்லை. மண்ணின் சிக்கல் உண்மையானது. ஆயிரமாயிரம் கால்கள் மிதித்தால் மண் இறுகும். வேருக்குக் காற்றும் நீரும் இறங்காது. மழைக்கால ஈரத்தில் சேதம் இன்னும் அதிகம். பந்தல் கால் நட வேர் வெட்டுப்படும்; அடுப்புப் புகையும் தூசியும் பக்கத்திலுள்ள விக்டோரியா நினைவகத்தின் பளிங்கிலும் படியும். ஆனால் புத்தகம் வெளியேறியபின் கூட்டமே வராமல் போய்விடவில்லையே! யார் கூடுகிறார்கள் என்று பார்க்காமல், நிலத்துக்கு என்ன சேதம் என்று பார்ப்பதே நியாயம். அந்த அளவுகோல் பேரணிக்கும் மேளாவுக்கும் தொழுகைக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஆகவே செய்ய வேண்டியவை சிலவே. ராணுவமும் மாநகராட்சியும் மாநில அரசும் சேர்ந்து ஓராண்டு நாட்காட்டியை முன்கூட்டியே வெளியிடட்டும். எந்தப் பகுதியில் எத்தனை நாள் கூட்டம், எத்தனை நாள் ஓய்வு என்பது அதில் இருக்கட்டும். மழைக்காலத்தில் புல்தரை கூட்டங்களுக்கு மூடப்பட்டே இருக்கட்டும். பெரிய நிகழ்ச்சிகள் கெட்டித் தரையில் நடக்கட்டும்; மரத்தடியில் பள்ளம் தோண்டுவதும் அடுப்பு மூட்டுவதும் வேண்டாம். நடத்துபவர் முன்பணம் கட்டட்டும். தரை சீரானபின் திரும்பப் பெறட்டும். இதையெல்லாம் முடிவு செய்யும் மேசையில் விளையாட்டுக் கழகத்தார், பொரி விற்கும் கடைக்காரர், கிடர்பூர்வாசி என எல்லாருக்கும் இடம் வேண்டும்.

இது நடக்காத காரியமல்ல. துர்கா பூஜைக்குக் குறுகலான சந்துகளில் பிரம்மாண்டமான பந்தல் எழுப்பிக் கலைக்கும் கிடர்பூர்க் குழுக்களைப் பாருங்கள். எந்தத் தெரு எப்போது அடைபடும், எப்போது திறக்கும் என்று பேசி முடிக்காமல் அங்கே ஒரு மூங்கிலைக்கூட ஊன்ற முடியாது. அந்தப் பழக்கத்தை மைதானம் வரை நீட்டினால் போதும்.

மிச்சம் நம் கையில். குப்பையைத் திரும்ப எடுத்துப்போவதும், வேலியிட்ட புல்லைச் சுற்றி நடப்பதும் அரசாணைக்குக் காத்திருக்க வேண்டியவை அல்ல.

நம் தமிழ் ஊர்களில் தேர் நிலைக்கு வந்தால்தான் தேரோட்டம் முடிந்ததாகப் பொருள். மைதானத்து விழாவும் அப்படித்தான்: கடைசி மூங்கிலைப் பிடுங்கிய அன்றோடு முடியாது, அந்தக் குழியில் புல் முளைக்கும்போதுதான் முடியும்.