எக்மோவில் இருப்பவரின் காலையும் பாருங்கள்!

‘எக்மோ’ என்ற சொல் 2016 டிசம்பரில், ஜெயலலிதா சிகிச்சையின்போது தமிழ்நாட்டு வீடுகளுக்குள் வந்தது. 2020-ல் எஸ்.பி.பி.க்காக மறுபடி வந்தது. அதே 2020-ல் அமெரிக்காவில் நிக் கார்டெரோ என்ற பிராட்வே நாடக நடிகருக்கும் எக்மோ வைத்தார்கள். வயது 41, கொரோனா பாதிப்பு. கருவி உயிரைப் பிடித்து வைத்தது. ஆனால், வலது காலுக்கு ரத்தம் சரியாகப் போகவில்லை. ரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுத்தால் குடலில் ரத்தக்கசிவு; நிறுத்தினால் காலில் ரத்தக்கட்டு. என்னதான் செய்வார்கள் டாக்டர்கள்? ஏப்ரல் 18-ல் அந்தக் காலை எடுத்தார்கள். ஜூலை 5-ல் அவர் இறந்துபோனார்.

உயிரைக் காக்கும் கருவி காலை ஏன் பாதிக்கிறது?

இதயமும் நுரையீரலும் ஒருசேரக் கைவிடும்போது, பெரும்பாலும் தொடையிடுக்கில்தான் குழாய்களைச் செருகுவார்கள். ஒன்று அசுத்த ரத்தத்தை வெளியே இழுக்கும். இன்னொன்று, ஆக்சிஜன் ஏற்றிய ரத்தத்தைத் தமனி வழியே உள்ளே தள்ளும். இந்த இரண்டாவது குழாயில்தான் சிக்கல். அதன் தடிமன் சுமார் 5 முதல் 7 மில்லிமீட்டர். ஒல்லியானவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, தமனியே ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். குழாயின் வாயோ மேல்நோக்கி, இதயத்தைப் பார்த்து இருக்கிறது. கீழே காலுக்குப் போகும் பாதை அடைபட்டுவிடும். போதாக்குறைக்கு, பி.பி-யைத் தூக்கிப் பிடிக்கும் மருந்துகளும் ரத்தக்குழாய்களைச் சுருக்கும்.

இதற்காகவே அதே தமனியில் மெல்லிய இன்னொரு குழாயைப் பாதத்தை நோக்கிச் செருகுகிறார்கள். தடிமன் 2, 3 மில்லிமீட்டர்தான் என்றாலும், பல கால்களைக் காப்பாற்றுவது அதுதான்.

நோயாளி மயக்கத்தில் இருப்பார். ‘கால் வலிக்குது’ என்று சொல்ல முடியாது. பம்ப் சீராகத் தள்ளுவதால், பல நேரம் நாடித்துடிப்பும் கைக்குத் தெரியாது. அதனால் நர்ஸ்கள் பாதத்தின் நிறத்தையும் சூட்டையும் அடிக்கடி பார்ப்பார்கள்; டாப்ளர் கருவியால் ரத்த ஓட்டத்தைக் கேட்பார்கள். சில இடங்களில் இரண்டு கெண்டைக்கால்களிலும் சென்சார் ஒட்டி ஒப்பிடுவார்கள். கெண்டைக்கால் கல் மாதிரி இறுகினால், தோலையும் தசையுறையையும் கீறி அழுத்தத்தைக் குறைத்தாக வேண்டும். சுமார் 6 மணி நேரம் ரத்தம் நின்றுவிட்டால், தசை மீள்வது கடினம்.

ஐ.சி.யு-வுக்குள் அனுமதிக்கும் அந்தச் சில நிமிடங்களில், நர்ஸிடம் கேட்டுவிட்டு இரண்டு பாதங்களையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சில்லென்றோ வெளிறியோ இருந்தால், அங்கேயே சொல்லிவிடுங்கள்.