94 வருஷ வங்கி 10 நாளில் காணாமல் போன கதை: வங்கி போர்டு டைரக்டர்களுக்கு என்னதான் வேலை?

வத்திராயிருப்பில் தென்னந்தோப்பு வைத்திருப்பவரோ, பிளவக்கல் அணைத் தண்ணீரை நம்பி நெல் போடுபவரோ, விளைச்சல் காசை பேங்க்கில் போடும்போது யாரைப் பார்த்துப் போடுகிறார்? கிளை மேனேஜரை. கொஞ்சம் பழக்கம் இருந்தால் கேஷியரை. நகைக்கடன் என்றால் நகையை உரசிப் பார்ப்பவரை. ஆனால் அந்தப் பணத்தை எந்த மாதிரி ஆட்களுக்குக் கடனாகக் கொடுக்கலாம், எவ்வளவு ரிஸ்க் எடுக்கலாம் என்று முடிவு செய்கிற பத்துப் பன்னிரண்டு பேரை அவர் பார்த்தே இருக்கமாட்டார். அவர்கள் பெயர்கூடத் தெரியாது.

அவர்கள்தான் இயக்குநர் குழு, அதாவது போர்டு. எல்லாம் ஒழுங்காக நடக்கும்வரை இவர்களைத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே வராது. வந்தால் எப்படி இருக்கும் என்பதை 2020 நவம்பரில் தமிழ்நாடு பார்த்தது.

கரூர் வங்கிக்கு என்ன ஆச்சு?

லட்சுமி விலாஸ் வங்கி 1926ல் கரூரில் தொடங்கப்பட்டது. வி.எஸ்.என்.ராமலிங்கம் செட்டியார் தலைமையில் 7 வியாபாரிகள் சேர்ந்து ஆரம்பித்தது. சுற்றுவட்டார வியாபாரிகள், சிறுதொழில் செய்பவர்கள், விவசாயிகள் இவர்களுக்குக் கடன் கொடுப்பதுதான் நோக்கம். பல தலைமுறையாக அதைத்தான் செய்தது. பிறகு பெரிய கார்ப்பரேட் கடன்கள் பக்கம் திரும்பியது.

அதற்கப்புறம் நடந்ததை நாலு எண்களில் சொல்லிவிடலாம். 2017 மார்ச்சில் வங்கியின் மொத்த வாராக்கடன் 2.67 சதவீதம். 2018 மார்ச்சில் 9.98. 2019 மார்ச்சில் 15.30. 2020 மார்ச்சில் 25.39. கொடுத்த 100 ரூபாய் கடனில் 25 ரூபாய்க்கு மேல் ஒழுங்காகத் திரும்பி வராத நிலை. இதே மூன்று நிதியாண்டுகளில் நஷ்டம் முறையே சுமார் 585 கோடி, 894 கோடி, 836 கோடி ரூபாய்.

இந்த எண்கள் எதுவும் ரகசியம் இல்லை. ஒவ்வொரு காலாண்டும் போர்டு கூடி, ஒப்புதல் கொடுத்து, பங்குச்சந்தைக்கு அனுப்பியவை. அதனால் இது ஒரே ராத்திரியில் நடந்த விபத்து கிடையாது. கேள்வி கேட்க மூன்று முழு வருஷம் இருந்தது.

2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி இந்த வங்கியை ‘உடனடித் திருத்த நடவடிக்கை’ வளையத்துக்குள் கொண்டுவந்தது. பெரிய கடன் கொடுக்கக் கட்டுப்பாடு, கிளை திறக்கக் கட்டுப்பாடு என்று கையைக் கட்டிப்போடுகிற ஏற்பாடு அது. அதே மாதம்தான் ரெலிகேர் ஃபின்வெஸ்ட் நிறுவனம் கொடுத்த புகாரில் டெல்லி போலீஸ் வழக்குப் பதிந்த விஷயமும் வெளியே வந்தது. தாங்கள் போட்டிருந்த சுமார் 794 கோடி ரூபாய் டெபாசிட்டை, தங்கள் முன்னாள் உரிமையாளர்களின் கம்பெனிகளுக்குக் கொடுத்த கடனுக்கு ஈடாகக் காட்டி, பிறகு வங்கி அதிலிருந்தே கழித்துக்கொண்டது என்பது புகார். வழக்கின் சரி, தப்பை நீதிமன்றம் பார்க்கும். ஆனால் இவ்வளவு பெரிய தொகை சம்பந்தப்பட்ட கடன் போர்டின் பார்வைக்கு எப்படி வந்தது, வந்தபோது என்ன கேட்டார்கள் என்பது யாருக்கும் எழுகிற கேள்வி.

இந்தியாபுல்ஸ் ஹவுசிங் ஃபைனான்ஸுடன் இணையும் திட்டத்தை 2019 அக்டோபரில் ரிசர்வ் வங்கி நிராகரித்தது. 2020 செப்டம்பர் 25 அன்று நடந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பங்குதாரர்களே பொறுமை இழந்தார்கள். எம்.டி. எஸ்.சுந்தர் உட்பட 7 டைரக்டர்களின் நியமனத்துக்கு எதிராக ஓட்டுப் போட்டு வெளியே அனுப்பினார்கள். தணிக்கையாளர் நியமனமும் தோற்றது. இந்திய வங்கித் துறையில் இது அபூர்வம். மிச்சம் இருந்த சுயாதீன டைரக்டர்களில் 3 பேரைக் கொண்ட குழுவிடம் ரிசர்வ் வங்கி அன்றாட நிர்வாகத்தை ஒப்படைத்தது.

ஓட்டு சரியான ஓட்டுதான். மூன்று வருஷம் லேட்.

தீபாவளி முடிந்து மூன்றாம் நாள், நவம்பர் 17 சாயங்காலம், தடை உத்தரவு வந்தது. ஒரு மாதத்துக்கு ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. மருத்துவம், படிப்பு, கல்யாணம் மாதிரி செலவுகளுக்கு மட்டும் தனி அனுமதி. போர்டு கலைக்கப்பட்டு, கனரா வங்கியின் முன்னாள் தலைவர் டி.என்.மனோகரன் நிர்வாகியாக நியமிக்கப்பட்டார். நவம்பர் 27ல் சிங்கப்பூர் டி.பி.எஸ். குழுமத்தின் இந்திய வங்கியோடு இணைப்பு. அதோடு லட்சுமி விலாஸ் என்ற பெயர் கதவை மூடிக்கொண்டது.

டெபாசிட் போட்டவர்கள் யாரும் ஒரு ரூபாய்கூட இழக்கவில்லை. ஆனால் பங்கு வைத்திருந்தவர்களின் பங்கு மதிப்பு பூஜ்யம். 318.20 கோடி ரூபாய் கடன் பத்திரங்களும் மொத்தமாகத் தள்ளுபடி. நம்ம ஊர் வங்கி என்று நம்பிப் பங்கு வாங்கி வைத்திருந்த சிறு முதலீட்டாளர்களும் அதில் உண்டு. கோர்ட்டுக்குப் போனார்கள், இணைப்புக்குத் தடை கிடைக்கவில்லை.

சரி, போர்டு என்ன செய்யணும்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். போர்டு வங்கியை நடத்துவதில்லை. தினசரி வேலை எம்.டி.யும் அவருக்குக் கீழே இருக்கும் அதிகாரிகளும் பார்ப்பது. அதை மேற்பார்வை பார்ப்பதுதான் போர்டு. கல்யாண மண்டபத்தில் சமையல்காரர் சமைப்பார். உப்பு இருக்கா, சாமான் கணக்கு சரியா என்று எட்டிப் பார்க்கிற பெரியவர் வேலை போர்டுடையது. அவரே கரண்டியைப் பிடுங்கினாலும் தப்பு. பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனாலும் தப்பு.

2015ல் ரிசர்வ் வங்கி, போர்டு கவனம் வைக்க வேண்டிய ஏழு விஷயங்களைச் சொன்னது: தொழில் திட்டம், நிதி அறிக்கையின் நம்பகத்தன்மை, ரிஸ்க், விதிகளைப் பின்பற்றுதல், வாடிக்கையாளர் பாதுகாப்பு, எல்லோருக்கும் வங்கிச் சேவை, ஊழியர் விவகாரம். 2021 ஏப்ரலில், அதாவது கரூர் வங்கி போன ஐந்தாவது மாதம், இன்னும் கறாரான உத்தரவு வந்தது. போர்டின் தலைவர் சுயாதீன டைரக்டராக இருக்க வேண்டும். நிர்வாகப் பொறுப்பில் இல்லாத டைரக்டர் ஒரே வங்கியில் மொத்தம் 8 வருஷத்துக்கு மேல் தொடர முடியாது. 75 வயதைத் தாண்டவும் கூடாது. எம்.டி. பதவிக்கு 15 வருஷம், அவரே முக்கிய முதலாளியாக இருந்தால் 12 வருஷம் என்று வரம்பு.

இதில் முக்கியமானது தணிக்கைக் குழு. அதில் வங்கி நிர்வாகத்தில் இருப்பவர்கள் யாரும் உட்கார முடியாது. மூன்றில் இரண்டு பங்கு சுயாதீன டைரக்டர்கள் வேண்டும். அதன் தலைவர், கடன் அனுமதிக்கிற எந்தக் குழுவிலும் இருக்கக் கூடாது. கடன் கொடுத்தவரே அந்தக் கடன் நல்ல கடன் என்று சர்டிஃபிகேட் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். டைரக்டர் தனக்கோ, தனக்குத் தொடர்புள்ள கம்பெனிக்கோ கடன் வாங்குவதையும் வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 20ஆவது பிரிவு தடுக்கிறது. விலக்குகள் மிகக் குறைவு.

விதிகள் எழுத்தில் கச்சிதம். ஆனால் 2023 மே மாதம் வங்கி டைரக்டர்களையே கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசிய அப்போதைய ரிசர்வ் வங்கி கவர்னர் சக்திகாந்த தாஸ், சில வங்கிகளில் சி.இ.ஓ.க்களின் ஆதிக்கம் அதிகமாக இருப்பதையும், போர்டு தன் குரலை உயர்த்தாமல் இருப்பதையும் வெளிப்படையாகச் சொன்னார். இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. 2025 மார்ச்சில் இண்டஸ்இண்ட் வங்கியில் டெரிவேட்டிவ் கணக்குகளில் ஓட்டை இருப்பது தெரியவந்தது. பாதிப்பு சுமார் 1,960 கோடி ரூபாய் என்று கணக்கிடப்பட்டது. ஏப்ரலில் சி.இ.ஓ.வும் துணை சி.இ.ஓ.வும் ராஜினாமா செய்தார்கள். அதே வருஷம் பிப்ரவரியில் மும்பை நியூ இந்தியா கூட்டுறவு வங்கியில் 122 கோடி ரூபாய் ரொக்கம் காணவில்லை என்ற புகார் வர, ரிசர்வ் வங்கி போர்டையே கலைத்தது. முதல் கேஸ், கணக்கில் பி.எச்.டி. இருந்தாலும் தலை சுற்றும் ரகம். இரண்டாவது கேஸில், பெட்டகத்தைத் திறந்து எண்ணியிருந்தால் போதும்.

சட்டத்தில் விவசாயிக்கும் ஒரு நாற்காலி

பலருக்குத் தெரியாத ஒரு பிரிவு இருக்கிறது. வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் 10ஏ. தனியார் வங்கி போர்டில் குறைந்தது 51 சதவீதம் பேர் கணக்கு, வங்கி, பொருளாதாரம், சட்டம், விவசாயம், கூட்டுறவு, சிறுதொழில் மாதிரி துறைகளில் விஷயம் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். அவர்களில் குறைந்தது 2 பேர் விவசாயமும் கிராமப் பொருளாதாரமும், கூட்டுறவு, சிறுதொழில் இவற்றில் ஒன்றைப் பற்றித் தெரிந்தவர்களாக இருந்தே ஆக வேண்டும்.

வத்திராயிருப்பு மாதிரி ஊர்களின் குரல் போர்டு ரூமுக்குள் போகட்டும் என்றுதான் இந்த ஏற்பாடு. ஒரு மழை பொய்த்தால் நெல் கடன் என்ன ஆகும், தேங்காய் விலை விழுந்தால் நகைக்கடன் ஏன் கூடும் என்று அங்கே ஒருவர் சொல்ல வேண்டும். நடைமுறையில் அந்த நாற்காலியில் உட்காருபவர் பெரும்பாலும் ஓய்வுபெற்ற அதிகாரியாகவோ பேராசிரியராகவோ இருப்பார். அவர்களுக்கும் விஷயம் தெரியும், மறுக்கவில்லை. ஆனால் வாய்க்காலில் தண்ணீர் வராத வருஷத்தில் தவணை கட்டிய அனுபவம் வேறு.

பொதுத்துறை வங்கிகளின் கதை தனி. அங்கே போர்டை அமைப்பது அரசாங்கம். ஊழியர்கள், அதிகாரிகள் சார்பாக ஆளுக்கொரு டைரக்டர் இருக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், அந்த இடங்கள் பல ஆண்டுகள் நிரப்பப்படாமலே கிடந்தன. கிளையில் என்ன நடக்கிறது என்று நேரடியாகத் தெரிந்தவர் அவர்தான்!

தூங்கிய டைரக்டருக்கு என்ன தண்டனை?

கம்பெனிகள் சட்டம் 166ஆவது பிரிவு, டைரக்டர் உரிய கவனத்தோடும் சுயமான முடிவோடும் செயல்பட வேண்டும் என்கிறது. மீறினால் அபராதம் 1 லட்சத்திலிருந்து 5 லட்சம் ரூபாய் வரை. ஆயிரம் கோடி நஷ்டத்துக்கு முன்னால் இது என்ன அபராதம் என்று கேட்கத் தோன்றும். சுயாதீன டைரக்டர்களுக்கு 149(12) பிரிவில் ஒரு பாதுகாப்பும் இருக்கிறது: அவருக்குத் தெரிந்து, போர்டு நடவடிக்கை மூலமாக, அவர் சம்மதத்தோடு நடந்த தப்புக்குத்தான் அவர் பொறுப்பு. அல்லது அவர் கவனமாக நடந்துகொள்ளவில்லை என்று காட்ட வேண்டும். இந்தக் கடைசி வரிதான் உயிர்நாடி. “எனக்கு யாரும் சொல்லலை” என்பது முழுப் பதில் ஆகாது, “நான் கேட்டேனா?” என்பதற்கும் பதில் வேண்டும். மினிட்ஸ் புத்தகம் அங்கேதான் சாட்சிக்கு வரும். எதிர்ப்பைப் பதிவு செய்யாத டைரக்டர், சம்மதித்தவர் மாதிரிதான்.

ரிசர்வ் வங்கிக்குப் பெரிய ஆயுதங்கள் இருக்கின்றன. டைரக்டரை நீக்கலாம், கூடுதல் டைரக்டரை நியமிக்கலாம், போர்டையே கலைக்கலாம். ஆனால் கடைசி ஆயுதம் எடுக்கப்படும் நேரத்தில் பங்குதாரர் பணம் ஏற்கெனவே கரைந்திருக்கும்.

வாடிக்கையாளர் எதைப் பார்க்கலாம்?

வங்கி வெப்சைட்டில் ஆண்டறிக்கை இருக்கும். 300 பக்கத்தையும் படிக்க வேண்டாம். ‘கார்ப்பரேட் கவர்னன்ஸ்’ பகுதியைத் திறந்தால் யார் யார் டைரக்டர், எத்தனை கூட்டத்துக்கு வந்தார் என்று அட்டவணை கிடைக்கும். பதவிக்காலம் முடியும் முன்பே ஒருவர் பின் ஒருவராக ராஜினாமா செய்தால், ‘சொந்தக் காரணம்’ என்று எழுதியிருந்தாலும், கவனிக்க வேண்டும். லட்சுமி விலாஸில்கூட 2019 ஆகஸ்டில் அப்போதைய எம்.டி. பார்த்தசாரதி முகர்ஜி ராஜினாமா செய்தார். அடுத்த மாதமே ரிசர்வ் வங்கிக் கட்டுப்பாடு வந்தது. மொத்த வாராக்கடன் சதவீதம் வருஷா வருஷம் ஏறுகிறதா என்பது இன்னொன்று. நாலு எண்களை வரிசையாக எழுதிப் பார்த்தாலே போதும்.

டெபாசிட் இன்சூரன்ஸ் 2020 பிப்ரவரி 4 முதல் ஒரு வங்கியில் ஒருவருக்கு, வட்டியும் சேர்த்து, 5 லட்சம் ரூபாய். முன்பு 1 லட்சம்தான். வங்கி முடக்கப்பட்டால் 90 நாளில் அந்தத் தொகை கைக்கு வர வேண்டும் என்று 2021ல் சட்டம் திருத்தப்பட்டது. ஒரே வங்கியின் நாலு கிளைகளில் பிரித்துப் போட்டாலும் ஒரு கணக்குதான். இதை நிறைய பேர் தப்பாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள்.

உள்ளூர் கூட்டுறவு சங்கத்துக்கும் இது பொருந்துமா?

கிராமத்தில் பலருக்குப் பயிர்க்கடனும் நகைக்கடனும் கொடுப்பது தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு கடன் சங்கம்தான். அங்கே போர்டுக்குப் பதில் உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் நிர்வாகக் குழு. தமிழ்நாட்டில் 2018ல் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்களின் 5 ஆண்டுப் பதவிக்காலம் 2023ல் முடிந்தது. அதன்பின் பொறுப்பு அரசு நியமிக்கும் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. தேர்ந்தெடுத்த குழு இருந்த காலத்திலும் எல்லாம் சுத்தம் என்று சொல்ல முடியாது. 2021ல் 5 பவுன் வரை நகைக்கடன் தள்ளுபடி அறிவித்து ஆய்வு செய்தபோது, போலி நகைக்குக் கடன், நகையே இல்லாமல் கடன் என்று சில சங்கங்களில் முறைகேடுகள் வெளியே வந்தன.

இதில் ஒரு வித்தியாசத்தை மட்டும் கட்டாயம் கவனிக்கணும். மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கி டெபாசிட்டுக்கு அந்த 5 லட்சம் இன்சூரன்ஸ் உண்டு. தொடக்கக் கூட்டுறவு சங்கத்தில் போடும் டெபாசிட்டுக்குக் கிடையாது. இரண்டும் ‘சொசைட்டி பேங்க்’ என்ற ஒரே பேரில்தான் ஊரில் பேசப்படுகின்றன. பீரோவில் இருக்கும் டெபாசிட் ரசீதை எடுத்து, மேலே வங்கி என்று அச்சடித்திருக்கிறதா, சங்கம் என்று இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.