காப்பி: கலப்பும் கலப்படமும்

ஒசூர், கிருஷ்ணகிரி வட்டாரம் காப்பி விளைச்சலுக்குப் பெயர் பெற்றதன்று. மாவும் ரோஜாவுமே இந்நிலத்தின் அடையாளங்கள். ஆயினும் காப்பி குறித்து வழக்காடுவோர்க்கு இங்குப் பஞ்சமில்லை. பெங்களூர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதும், சிப்காட் ஆலைகளை நாடிப் பல மாவட்டத்தாரும் இங்கு வந்து குடியேறியதும் அதற்குக் காரணங்கள் எனலாம். வழக்காடுவோர் இரு அணியினர். ஓரணியினர் சிக்கமகளூர்த் தோட்டம் ஒன்றின் பெயரைச் சொல்லி இளவறுப்புக் கொட்டை வாங்கி, வீட்டிலேயே அரைத்து, தாள் வடிகட்டியில் வெந்நீரைச் சுழற்றி ஊற்றிப் பாலின்றிப் பருகுவோர். மற்றோரணியினர் எவர்சில்வர் பில்டரில் சிக்கரி சேர்ந்த தூளை இட்டு, கெட்டி டிகாக்‌ஷன் இறக்கிப் பாலுடன் அருந்துவோர். முன்னவர் பின்னவரது காப்பியைக் ‘கலப்படம்’ என்கின்றனர். பின்னவர் முன்னவரதைக் ‘கழுநீர்’ என்கின்றனர். இரண்டையும் நாம் ஏற்பதற்கில்லை. சொல்லிச் சேர்ப்பது கலப்பு. மறைத்துச் சேர்ப்பதே கலப்படம். இவ்வேறுபாட்டை விட்டுவிட்டுச் சுவையைப் பற்றி மட்டும் பூசலிடுவதால் பயனில்லை என்பது நம் கருத்து.

காப்பி என்னும் சொல்லே பல நாவில் கலந்து வந்தது. அரபியர் ‘கஹ்வா’ என்றதைத் துருக்கியர் ‘கஹ்வே’ என்றனர். ஐரோப்பியர் வழியாக அது நமக்குக் காப்பியாயிற்று. 17ஆம் நூற்றாண்டில் ஹஜ் கடமையை நிறைவேற்றித் திரும்பிய சூஃபிப் பெரியார் பாபா புதன், ஏமன் நாட்டு மோக்கா துறைமுகத்திலிருந்து ஏழு விதைகளைக் கொணர்ந்து சிக்கமகளூரை அடுத்த மலையில் ஊன்றினார் என்பது வழிவழிச் செய்தி. அம்மலை இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. நம் பக்கத்துச் சேர்வராயன் மலைக்கோ, சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் காப்பியைக் கொண்டுவந்தார். 1965இல் தருமபுரி மாவட்டம் பிரியும் வரை ஒசூரும் ஏற்காடும் ஒரே சேலம் மாவட்டத்தில் இருந்தவை. அவ்வாறிருக்கத் தோட்டப் பெயர்களை அடுக்கும் நம் இளைஞர் பலர் ஏற்காட்டை நினையாதது வியப்பே.

கொட்டையில் இரு குலம் உண்டு. அராபிகா உயர்ந்த மலைச் சரிவில் விளைவது. மணமும் மென்புளிப்பும் உடையது. ரோபஸ்டா அதனினும் தாழ்ந்த நிலத்திலும் செழிப்பது; கசப்பும் கெட்டித்தன்மையும் மிக்கது; காஃபின் ஏறத்தாழ இரு மடங்கு. இந்திய விளைச்சலில் பத்துக்கு ஏழு பங்கு இதுவே. கடைப்பலகையில் காணும் ‘பிளாண்டேஷன் ஏ’ என்பது கழுவிப் பதப்படுத்திய அராபிகாவில் பருமன் கொண்டு பிரித்த ஒரு தரம். ‘பீபெரி’ என்பது இரண்டு பருப்பு இருக்க வேண்டிய பழத்தில் ஒன்றே உருண்டு திரண்டது, தனிச் செடியன்று. அதற்குத் தரும் கூடுதல் விலையில் ஒரு பகுதி நம் நம்பிக்கைக்குத் தருவதே.

வறுப்பைப் பற்றி நெடிது பேச வேண்டியதில்லை. இளவறுப்பு மண்ணின் சுவையைக் காட்டும். கருவறுப்பு வறுத்தவரின் கையைக் காட்டும். பால் சேர்ப்போர்க்குப் பின்னதே பொருந்தும். ஆனால் அரைத்த தூள் சில நாள்களிலேயே மணம் இழக்கும் என்பதை இரு அணியினரும் கருத வேண்டும். பச்சைக் கொட்டை வாங்கி வீட்டில் வறுத்துக் கையால் சுற்றும் இயந்திரத்தில் அவ்வப்போது அரைத்த நம் பாட்டிமார் இதனை அறிந்திருந்தனர். வீட்டில் அரைத்தலை ஏதோ மேனாட்டுப் புதுமை எனப் புகழ்வோர்க்கு இதனை நினைவூட்டுகிறோம்.

இனிச் சிக்கரி. அது ஒரு செடியின் வேர். குஜராத்திலும் உத்தரப்பிரதேசத்திலும் பயிராவது. அதில் காஃபின் இல்லை. வறுத்துத் தூளாக்கினால் காப்பியைவிட இரு மடங்குக்கு மேல் நீரில் கரையும். டிகாக்‌ஷனுக்குக் கருமையும் கெட்டியும் வருவது பெரிதும் அதனாலேயே. ஆகவே டிகாக்‌ஷன் கறுத்திருப்பது காப்பி மிகுதிக்குச் சான்றாகாது. பாலின் இனிமையோடு அதன் கசப்பு இயைவதால் நூற்றுக்கு இருபது பங்கு சேர்த்து அருந்துவோரைப் பழிப்பதற்கு ஒன்றுமில்லை. அஃது அவர்தம் விருப்பம். நம் கண்முன் அரைத்துத் தரும் கடைக்காரர், “சிக்கரி எவ்வளவு போடலாம்?” என்று கேட்டே சேர்க்கிறார். அவ்வினா உள்ள வரை அது கலப்பு.

உறையிலிட்டு விற்கும் கலவைத்தூளில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையலாகாது. இரண்டின் விழுக்காட்டையும் உறைமேல் அச்சிட வேண்டும் என்பது இந்நாட்டு விதி. அச்சிடுகின்றனர், எழுத்துத்தான் எறும்பளவு. 2024, 2025ஆம் ஆண்டுகளில், பிரேசிலிலும் வியத்நாமிலும் வறட்சி தாக்கியதை அடுத்து, உலகச் சந்தையில் காப்பி விலை முன்னெப்போதும் இல்லாத உயரத்தைத் தொட்டது. விலை ஏறும்போது கொட்டையைக் குறைத்து வேரைக் கூட்டும் ஆசை எவர்க்கும் எழக்கூடும். அப்போது இழப்பவர் இருவர்: காப்பிக்கு உரிய விலையைக் கொடுத்து வேரைக் குடிப்பவர், மலையில் கொட்டையை விளைவித்தவர். இரவுப் பணி முடித்துத் தேநீர்க்கடை வாயிலில் நிற்கும் தொழிலாளிக்கு உறையும் தெரியாது, விழுக்காடும் தெரியாது. விலைப்பலகையில் காப்பி விலைக்குக் கீழே தூளின் விகிதத்தையும் ஒரு வரியில் எழுதச் செய்தால் கடைக்காரர்க்குப் பெருஞ்செலவு நேராது. கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் ‘கும்பகோணம் டிகிரி காப்பி’ என்று பலகை மாட்டிப் பித்தளை டபராவில் தருவோரும் அவ்வாறே எழுதலாம். பித்தளையின் பளபளப்பு விகிதத்தைச் சொல்லாதன்றோ!

அதுவரை வீட்டில் செய்துபார்க்க எளிய சோதனை ஒன்றுண்டு. கண்ணாடிக் குவளையில் குளிர்ந்த நீரை நிரப்பிச் சிட்டிகைத் தூளைத் தூவுக. காப்பித்தூள் மிதக்கும், சிக்கரி பழுப்பு நிறக் கோடிழுத்துக்கொண்டு அடியில் இறங்கும். சிக்கரி இருப்பதை அது காட்டும். எத்தனை பங்கு என்பதைக் கடைக்காரரிடமே கேட்க வேண்டும்.